தாய்மாமன் இலையில் நல்லி எலும்பு

அத்தியாயம் 17

மொக்கையன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

போன வாரம் அவரை லயத்து வீட்டு வாசலில், ஒரு கால் படியிலும் ஒரு கால் மண்ணிலுமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். ஏழு நாளாக மனிதர் அப்படியே நிற்கிறாரே என்று கவலைப்பட்டவர்கள் இனி நிம்மதியாக இருக்கலாம். உள்ளே வந்து உட்கார்ந்தும் விட்டார். பக்கத்து வீட்டு ஜெஸ்னாவிடம் மணிகண்டன் இரவல் வாங்கி வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளை வேட்டி கசங்காமல், தோளில் சங்கத் துண்டோடு.

அந்தச் செருப்பு கழன்றது சாதாரண விஷயமில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் போடிமெட்டை ஒட்டிய இந்த எஸ்டேட்டில் சம்பள உயர்வு கேட்டுச் சமரம் நடந்தது. தொழிலாளிகள் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், வருகைப் புத்தகத்தில் சூப்பர்வைசர் மணிகண்டன் பேருக்கு நேரே ஒரு கையெழுத்து விழுந்திருந்தது. அதை இந்த மலையில் ஒப்பு என்பார்கள். தான் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, அது தன் ஒப்பு இல்லை என்று மணிகண்டன் தலையில் அடித்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

சமரத்துக்குத் தலைவர் மொக்கையன். மணிகண்டனின் மனைவி சந்தனத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். அன்று சாயங்காலமே மேடை ஏறி, இனி என் தங்கச்சி வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். வீட்டுக்குள் சொன்ன சொல்லை வீட்டுக்குள்ளேயே விழுங்கிவிடலாம். மைக்கில் சொன்னதை விழுங்க இன்னொரு மைக் வேண்டும், இன்னொரு கூட்டம் வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும் விழுங்குவதற்குத் தலைவருக்குத் தொண்டை வேண்டும்.

கை நனைப்பது என்றால் இங்கே பசியாறுவது இல்லை. அந்த வீட்டு உறவை ஒப்புக்கொள்வது. பகையாளி வீட்டில் துக்கம் கேட்கலாம், சாமான் இறக்கக் கை கொடுக்கலாம், சோறு மட்டும் தின்னக் கூடாது. சந்தனத்தின் மாமியார் செத்தபோது மொக்கையன் காலையிலிருந்து கடைசிவரை நின்றார். தாகத்துக்கு ஜெஸ்னா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அப்படிப்பட்டவர் இன்று வந்திருப்பது மருமகளுக்காக. மணிகண்டன், சந்தனம் தம்பதியின் ஒரே மகள் ஆர்த்தி, சின்னக்கானல் ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சூரியநெல்லியில் ஜீப் ஓட்டும் வினோவும் அவளும் தங்களுக்குள் பேசி முடித்து எட்டு மாதமாகிறது. இன்று பெரியவர்கள் பேசி முடிக்கும் நாள். அதாவது, முடிந்துபோன ஒன்றைத் தாங்கள்தான் முடித்தோம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்ட நாள்.

அதில்தான் சிக்கல். வினோவின் அப்பா சின்னமுத்து முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பெண்ணின் தாய்மாமன் முதலில் கை நனைக்க வேண்டும். அவரே நனைக்காத வீட்டில் நாங்கள் எப்படி நனைப்பது? நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆக, ஒரு மனிதர் ஒரு வாய்ச் சோறு தின்ன வேண்டும். அவ்வளவுதான். அதற்காகச் சந்தனம் விடியற்காலையில் எழுந்து இரண்டு கிலோ ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

மொக்கையன் பேசவில்லை. உள்ளே வரும்போதே தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். பத்து நாளாகவே இப்படித்தான் என்று ஊருக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து பேசாத மனிதர், பத்து நாளாகத் தலையாட்டிக்கொண்டு திரிகிறார். பஞ்சாயத்துத் தேர்தல் வருவதால் கட்சி வாயைப் பூட்டிவிட்டது என்றார்கள் சிலர். பெரிய முடிவு ஒன்று எடுக்கப்போகிறார், அதற்கு முன்னால் வரும் அமைதி இது என்றார்கள் சங்கத்தில். தலைவர்கள் பேசினால் ஒரு அர்த்தம்தான் வரும். பேசாமல் இருந்தால் எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் வரும்.

ஆர்த்தி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். "வாங்க மாமா" என்று சிரித்தாள். மேலேயும் கீழேயும் பல்வரிசை முழுக்கக் கம்பி மின்னியது. பதினாலு மாதமாக அவள் கட்டியிருக்கும் கம்பி. மொக்கையன் அந்தச் சிரிப்பைப் பார்க்காதவர் போல டீயை எடுத்துக்கொண்டார்.

பார்க்காததற்குக் காரணம் உண்டு. அவளுக்குக் கம்பி கட்டிய வாரம், போடிமெட்டு டீக்கடையில் இருபது பேர் நடுவில் மொக்கையன்தான் சொன்னார்: "எம் மருமக வாய்க்கு யானை வேலி போட்டுட்டானுக. இனி சோறு உள்ள போகணும்னா பாரஸ்ட் ஆபீஸ்ல அபேட்சை குடுக்கணும்." கடையே சிரித்தது. அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வழியாக ஆர்த்தியிடம் வந்து சேர்ந்தது. மூன்று பேரும் தனித்தனியாக, வருத்தப்படுகிற முகத்தோடு.

டீயை அவர் ஊதி ஊதி, ஓரமாக வைத்துக் குடித்தார். முறுக்குத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. ஆர்த்தி தட்டையும் டம்ளரையும் உள்ளே எடுத்து வந்தபோது சந்தனம் அடுப்பைவிட்டுத் திரும்பி முறுக்கைத்தான் முதலில் பார்த்தாள்.

"டீயக் குடிச்சாருல்லம்மா" என்றாள் ஆர்த்தி.

"டீயில என்ன இருக்கு. ஓட்டுக் கேட்டு வர்றவனும்தான் டீ குடிக்கிறான். ஒண்ணே ஒண்ணு எடுத்துக் கடிச்சிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்."

மணிகண்டன் பின்னாலேயே வந்தார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டாலும் லயத்துச் சுவர்கள் எதையும் மறைக்கிற கனம் உள்ளவை இல்லை. தானாகத் தேடிப்போய்ப் பத்திரிகை வைத்த மாதிரி அழைத்தாயிற்று, நாற்காலி போட்டாயிற்று, இன்னும் அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், இனி என்ன காலில் விழ வேண்டுமா என்று கேட்டார். "எங்கிட்டப் பேசுனா உங்க அண்ணனுக்கு வாய் வலிக்கும்போல" என்றார் கடைசியாக.

இந்தக் குடும்பத்தில் ஏழு வருடமாகச் சொல்லப்பட்ட குத்தல்களில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்தது அதுதான். சொன்னவருக்கே தெரியாது.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. மணிகண்டன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார். சின்னமுத்துவும் அவர் மனைவியும் வினோவும் வந்து இறங்கினார்கள். சின்னமுத்து தேயிலை பாக்டரியில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நிமிடம் பிந்தி வந்தவனையும் சிவப்பு மையில் எழுதிய கை. ஓய்வுக்குப் பிறகு எழுதப் புத்தகம் இல்லாததால், கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் முறை பிந்தாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் பேச்சு ஓடியது. ஆவணிக்குள் பூ வைத்துவிடலாம், கல்யாணம் தையில், மண்டபம் பூப்பாறையில். சின்னமுத்து ஒவ்வொன்றுக்கும் "தலைவர் என்ன சொல்றாக?" என்று கேட்டார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எவ்வளவு ஆழமானது என்று சின்னமுத்து மனைவியிடம் கண்ணால் காட்டினார்.

ஆர்த்தி அதற்குள் டம்ளரைக் கழுவ எடுத்திருந்தாள். விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பாலேடு என்று நினைத்து விரலால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். சூட்டில் இளகி மறுபடி இறுகிய மெழுகு. பாதி அரிசி அளவுதான் இருக்கும்.

அந்த மெழுகு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கைப்பையிலேயே ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. பல்லில் கம்பி கட்டிய புதிதில் கம்பியின் முனை உதட்டின் உட்புறத்தைக் கிழிக்கும். அந்த இடத்தில் இதை உருட்டி ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சூடாக எதையாவது குடித்தால் கழன்று வந்துவிடும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதர் வாயில் மெழுகை வைத்துக்கொண்டு டீ குடிக்க மாட்டார்.

ஆர்த்தி குழாயை மூடினாள்.

பிறகு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பத்து நாளைக்கு முன்னால் மாமா முதல் பஸ்ஸில் தேனிக்கு இறங்கினார் என்று வினோ சொன்னது. பேக்கரியில் தினமும் பன்னும் பாலும் மட்டும் வாங்குகிறார் என்று அவனே இன்னொரு நாள் சொன்னது. அப்புறம் அந்த விசில்.

போன மே தினக் கூட்டத்தில்தான் அதை எல்லாரும் கேட்டார்கள். மொக்கையனின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்து வயதாக ஆக அகன்றுகொண்டே வந்து, அதன் வழியாகக் காற்று விசிலாக வர ஆரம்பித்திருந்தது. சங்கம் என்றால் விசில். சம்பளம் என்றால் விசில். சமரம், சகோதரர்களே, எதைத் தொட்டாலும் விசில். மைக் அதை மூன்று மலைக்குக் கேட்கும்படி பெருக்கிக் கொடுத்தது. மறுநாளிலிருந்து அவர் சாலையில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது மெல்ல விசிலடித்தார்கள்.

ஆக, ஐம்பத்துநாலு வயதில் மனிதர் மலையிறங்கி, மாநிலம் தாண்டிப்போய், ஒருவருக்கும் தெரியாமல் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடர்ந்த மீசை மேல்வரிசையை மறைத்துக்கொண்டது. கீழ்வரிசையை மறைக்க மௌனம்.

ஆர்த்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நேராக முன்னறைக்குப் போய், மாமா, வேலி எப்போது போட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதினாலு மாதக் கணக்கு ஒரே வரியில் தீர்ந்துவிடும். அந்த வரியை அவள் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றதை அவள் டீ கொடுக்கும்போதே பார்த்திருந்தாள். அந்த மெலிவு அவளுக்குத் தெரிந்த மெலிவு.

அவளுக்குக் கம்பி கட்டிய முதல் வாரங்களும் பன்னும் டீயுமாகத்தான் போயின. எதைக் கடித்தாலும் வலி, கடிக்காததை எடுத்தால் வெட்கம். ரிசார்ட்டில் விருந்தாளிகள் தட்டு நிறைய எடுத்து, முப்பத்திரண்டு பல்லும் நல்லபடியாக இருந்தும் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அவள் தண்ணீர் குடித்தாள். பதினோராம் நாள், ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியை நீட்டும்போதே கண் இருட்டி மேசைக்குப் பின்னால் விழுந்தாள். மெலிந்தது நல்லாத்தான் இருக்கு என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது சந்தனம் சொன்னது ஒன்றுதான். "பல்லுக்குத்தானடி லீவு. வயித்துக்கு என்ன லீவு?"

அதன் பிறகு அந்த அடுப்பில் ஒரு தனிச் சமையல் தொடங்கியது. பச்சைப்பயறு போட்டுக் குழைத்த கஞ்சி. தேங்காய் சேர்த்து மசித்த மரவள்ளி. ஆவியில் வேகவைத்த ஏத்தம்பழம், கீரை மசியல், பொடிமாஸ் போட்ட முட்டை. ஆப்பிளைக் கடிக்க முடியாது, கரண்டியால் சுரண்டித் தின்னலாம். கம்பி இறுக்கிய அன்றைக்கு மட்டும் ஆறின தயிர்சோறு. கறியைக்கூட விடவில்லை. எலும்பை நீக்கி, நாலு விசில் அதிகம் விட்டு, நார் நாராகப் பிய்த்துப் போட்டாள்.

சாப்பிட நேரம் பிடித்தது. எதையும் சின்னதாக்கி, பின்பல்லுக்குத் தள்ளி, மெதுவாக மெல்ல வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டோ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டோ தின்ன முடியாது. இருபத்துமூன்று வயதில்தான் ஆர்த்தி முதல்முறையாக ஒரு வேளைச் சோற்றைக் கவனித்துத் தின்றாள். ரசத்தில் எவ்வளவு மிளகு இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு அம்மா இருந்தாள். மாமாவுக்கு ஓட்டல்தான் இருந்தது. அத்தை இறந்து நாலு வருடமாகிறது. போடிமெட்டு ஓட்டலில் போய், பரோட்டாவை எனக்கு மட்டும் பாலில் ஊறவைத்துக் கொடு என்று ஒரு தலைவர் எப்படிக் கேட்பார்?

அவள் அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, கறியில கொஞ்சம் எடுத்து மறுபடி குக்கர்ல வையி. எலும்ப நீக்கிரு."

"வெந்த கறியவா?"

"இன்னும் நாலு விசில் விடு. எனக்குப் பிச்சுப் போடுவியே, அது மாதிரி வேணும். சோத்தையும் குழைச்சு எடுத்துக்க. கொஞ்சம் கூடவே எடு."

"உனக்கு அடுத்த வாரந்தான கம்பி இறுக்கணும்?"

ஆர்த்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சந்தனம் குனிந்து பார்த்தாள். பதினாலு மாதமாக மகளின் டம்ளரிலும் தலையணை உறையிலும் அந்த மெழுகைச் சுரண்டி எடுப்பவள் அவள்தான். அது யார் குடித்த டம்ளர் என்பதையும் பார்த்தாள். முன்னறையில் அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது.

"கோட்டிக்கார மனுசன்" என்றாள், மெதுவாக. குக்கர் மூடியைத் தேடினாள். தேடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்தால் இருக்கலாம். வெங்காயம் அரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"நல்லி வைக்காம இருந்தா சின்னமுத்து அண்ணன் கேப்பாரேடி" என்றாள் பிறகு.

"வைக்கிறத வையி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பன்னிரண்டரைக்கு இலை விழுந்தது. முன்னறையில் பாய் விரித்து, நடுவில் மொக்கையன், வலப்பக்கம் சின்னமுத்து, அவருக்கு அடுத்து வினோ. சோறும் குழம்பும் வெஞ்சனமும் வந்தன. சின்னமுத்து சுற்றிலும் பார்த்து, தாய்மாமனுக்கு நல்லி வைக்கவில்லையா என்று கேட்டார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சந்தனம் குழம்புச் சட்டியில் துழாவி, பெரிய நல்லி எலும்பு ஒன்றை அண்ணன் இலையில் வைத்தாள். கணு கணுவாக, உள்ளே மஜ்ஜை ததும்ப, கெட்டியான சதை சுற்றிக்கொண்டிருக்கும் எலும்பு. கடித்து, இழுத்து, தட்டி, உறிஞ்சித் தின்ன வேண்டியது. இந்த மலையில் ஒருவருக்குக் கொடுக்கும் மரியாதையை அவருடைய பல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மொக்கையன் எலும்பைப் பார்த்தார். மறியலில் போலீஸ் தடியைப் பார்த்தபோதுகூட அவர் முகம் இப்படிப் போனதில்லை.

"கை வைங்க தலைவரே" என்றார் சின்னமுத்து. "நீங்க வச்சாத்தான் நாங்க வைக்க முடியும்."

வினோவின் கை இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மொக்கையனின் கை இலைவரை போனது. எலும்பைத் தொடாமல் மடிக்குத் திரும்பியது.

தண்ணீர்ச் செம்போடு நின்ற மணிகண்டன் அதைக் கீழே வைத்தார். "ஏழு வருசமாச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "இவரு சமரம் இன்னும் முடியல."

மொக்கையனின் தலை நிமிர்ந்தது. பதில் வாய்வரை வந்துவிட்டது. உதடு பிரியப்போன நேரத்தில் இறுக்கி மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. இடக்கையைப் பாயில் ஊன்றினார். எழப்போகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. சின்னமுத்து தன் இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தார்.

"மாமா, சித்த தள்ளி உக்காருங்க."

ஆர்த்தி ஒரு கிண்ணத்தோடு வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். பேசி முடிக்கிற பந்தியில், மாப்பிள்ளை வீட்டு ஆண்களோடு, பெண். சின்னமுத்துவின் மனைவிக்குப் புருவம் ஏறியது.

"தப்பா நினைக்காதீக அத்தை" என்றாள் ஆர்த்தி. "கம்பி கட்டுனதுலேர்ந்து எனக்குத் தனிச் சாப்பாடு. தனியாத் தின்னா இறங்க மாட்டேங்குது. சின்னப் பிள்ளையில மாமா இலையிலதான் தின்னு வளந்தேன். இன்னைக்கும் அவரு இலையிலயே தின்னுக்கிறேன்."

"கம்பி இருந்தா அப்படித்தாம்மா" என்றான் வினோ அவசரமாக. காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம். அவன் அம்மா பார்த்த பார்வையில் அதுவே கடைசியாகவும் ஆனது.

ஆர்த்தி நல்லி எலும்பை எடுத்து, எழுந்துபோய், வினோ இலையில் வைத்தாள். மாமா தன் நல்லியை மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறார் என்றாள். மொக்கையன் தலையாட்டினார். இந்த முறை கொஞ்சம் வேகமாக.

முறையில் இப்படி ஒன்று உண்டா என்று சின்னமுத்து யோசித்தார். மரியாதை தன் மகன் இலைக்கு வந்திருந்ததால், உண்டு என்று முடிவு செய்தார். "அதான பாத்தேன். பழைய முறை. இப்ப யாரு செய்றாக" என்றார்.

கிண்ணத்திலிருந்த குழைந்த சோற்றை ஆர்த்தி மாமா இலையில் வைத்து, அதன்மேல் பிய்த்த கறியையும் குழம்பையும் விட்டாள். நுனியில் தனக்கும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். குனிந்தபடியே, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"முன்பல்லுல கடிக்காதீக. பின்னால தள்ளி, மெதுவா."

மொக்கையன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாச்சு?"

அவர் மடியில் இருந்த இடக்கை விரல்களை விரித்தார். மூடினார். மறுபடி விரித்தார்.

பிறகு வலக்கையால் சோற்றைப் பிசைந்து, சின்ன உருண்டையாக எடுத்து வாயில் வைத்தார்.

முதல் வாயை அவர் விழுங்க வெகுநேரம் ஆனது. சந்தனம் கரண்டியோடு கதவில் சாய்ந்து நின்றாள். கன்னம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வலிக்கப்போகிறது என்று எதிர்பார்த்து வைத்திருந்த முகம், வலிக்காததை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது. சீரகமும் மிளகும் சேர்த்து அம்மியில் அரைத்த குழம்பு. ஏழு வருடமாக அவர் தின்னாதது. பத்து நாளாகச் சூடான எதையும் தின்னாத வயிறு அதைக் கேட்டு வாங்கியது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். அவர் நிமிரவே இல்லை.

மற்றவர்களும் தொடங்கினார்கள். சின்னமுத்துவுக்குக் கறித்துண்டு ஒன்று வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல் நாலு போய் வருடக்கணக்காகிறது, அதை அவர் மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. பெண்ணுக்குச் செய்ததில் ருசி பார்க்கக் கொஞ்சம் கிடைக்குமா என்று, விளையாட்டுக்குக் கேட்பது போலக் கேட்டார். சந்தனம் ஒரு கரண்டி வைத்தாள். அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை. பின்னால் பெண்கள் பந்தியிலும் அந்தக் கிண்ணத்தைத்தான் தேடினார்கள். நல்லியைக் கடித்து மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒரு தலைமுறை முழுக்க உள்ளுக்குள் குழைந்த சோறு கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்ல எலும்பையெல்லாம் வினோ ஒருவனே தின்று தீர்த்தான்.

மொக்கையன் கடைசியில் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அது போதும் என்பதற்கு இல்லை. இன்னும் கொஞ்சம் வை என்பதற்கு.

அவர் எழுந்து பின்பக்கம் போனபோது ஆர்த்தி முன்னாலேயே அங்கே நின்றாள். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மலையிலிருந்து மஞ்சு இறங்கி ஏலச்செடிகளைப் பாதி மறைத்திருந்தது. அவள் கைப்பையிலிருந்து எடுத்து வந்த மெழுகு டப்பாவையும் பிரிக்காத சின்ன பிரஷ் ஒன்றையும் அவர் சட்டைப் பையில் போட்டாள். தின்றதும் இதனால் கம்பி இடுக்கைத் தேய்த்துவிட வேண்டும் என்றாள். வலி இன்னும் மூணு நாலு நாளில் குறையும், அதுவரை காலையில் கஞ்சியும் சாயங்காலம் மசித்த மரவள்ளியும் வினோ ஜீப்பில் வரும். யாரும் கேட்டால் வினோவுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மொக்கையன் வாயைத் திறந்தார். மீசைக்குக் கீழே புதுக்கம்பி பளபளத்தது.

"எனக்கும் வேலி போட்டுட்டான் தாயி."

"தெரியுது மாமா" என்றாள் ஆர்த்தி. அந்த வரியை அவள் சொல்லத் தேவையில்லாமல் போயிருந்தது. சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மணிகண்டன் செம்போடு வந்தார். கை நனைத்த விருந்தாளிக்குத் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரர் வேலை. இருவரும் முகம் பார்க்கவில்லை. மொக்கையன் குனிந்து கையை நீட்டினார். மணிகண்டன் செம்பைச் சாய்த்தார்.

"மாப்ள."

ஏழு வருடத்தில் அவர் மணிகண்டனை அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. கம்பி நாக்கைத் தடுத்தது. மேடையில் வெள்ளமாக வரும் பேச்சு, இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைக்க வேண்டியதாக இருந்தது. விசில் மட்டும் வரவில்லை.

"அந்த ஒப்பு உன்னது இல்லைன்னு எனக்குத் தெரியும்."

மணிகண்டன் நிமிர்ந்தார்.

"நான் மேடை ஏறுன மூணாம் நாளே தெரியும்" என்றார் மொக்கையன்.

செம்பிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. உள்ளே சந்தனம் எதற்கோ சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பாதி கழுவிய கையில் குழம்பின் மஞ்சள் இன்னும் இருக்க, மீதித் தண்ணீருக்காக மொக்கையன் குனிந்தபடியே காத்திருந்தார்.